மாநில எல்லையில் ஒரு துப்பாக்கி

டெக்சஸ்காரர் ஒருவரை நியூஜெர்சி முகாமுக்கு மாற்றுகிறது அமெரிக்க ராணுவம். அவருடைய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல டெக்சஸ் தந்த அனுமதி செல்லாது. 1968ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கி வாங்கும் விஷயத்தில் பணியிட மாநிலத்தையும் அவருடைய ஊராகக் கருதுகிறது. அதை இடுப்பில் செருகித் தெருவில் நடப்பதற்கு அந்தந்த மாநிலம் மனசு வைக்கணும்.

முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. போருக்குப் போகத் துப்பாக்கி தருவாங்களாம், கடைக்குப் போகத் தரமாட்டாங்களாம்!

சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தவன் நான். சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாக்கூடுகளைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆயுத அறைக் கதவு மூடினால் துப்பாக்கிக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2015இல் சட்டனூகாவில் நடந்த தாக்குதலில் ஐந்து படைவீரர்கள் இறந்தார்கள். மறுவருடம், முகாமுக்குள் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கத் தளபதிகள் அனுமதிக்கலாம் என்று விதி வந்தது. ஆனால் 2009இல் ஃபோர்ட் ஹூட் முகாமில் 13 பேரைக் கொன்றவர் ஒரு ராணுவ மேஜர். கையிலிருந்தது அவரே கடையில் வாங்கிய கைத்துப்பாக்கி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. சீருடை ஒருவரைப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லும். நாளைக்கு என்ன செய்வார் என்று சொல்லாது.

நான் பூட்டிய கதவின் பக்கம்தான். ஆனாலும், மாநில எல்லைக்கு முன்னால் வண்டியை நிறுத்தித் தோட்டாவைக் கழற்றும் அந்தச் சிப்பாயின் கசப்பு எனக்குப் புரிகிறது.