இடப்பக்கம்

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 16 பேர், சுங்கைப்பட்டாணியிலிருந்து வேன் பிடித்துப் பட்டவொர்த் வந்து, படகேறி அக்கரைக்குப் போய் ஜார்ஜ்டவுனைச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்புவது என்று திட்டம், படகுத்துறை நுழைவாயிலில் அட்டையைத் தட்டி உள்ளே போனதும் பாதிப்பேர் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டார்கள். 2023-இல் ஓடத் தொடங்கிய புதுப் படகுகள் இவை, தெலுக் பஹாங், தெலுக் கும்பார் என்று குடாக்களின் பெயரை வைத்திருக்கிறார்கள், கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான், சுத்தமாக இருக்கின்றன, நேரத்துக்குப் புறப்படுகின்றன, ஆனாலும் ஏறி உட்கார்ந்த எனக்கு எங்கோ புறப்பட்டுப் போகிறோம் என்ற எண்ணமே வரவில்லை. படகு துறையை விட்டு விலகியபோதுதான் பின்பக்கமிருந்து டீசல் புகை ஒரு மூச்சு, உப்புக் காற்றோடு கலந்து, முகத்தில் வந்து மோதியது.

அந்த வாடை 1969 தைப்பூசத்தின் வாடை. இருட்டு விலகுமுன் ரப்பர் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் லோரி வந்து நிற்கும், பெண்கள் தலைநிறைய மல்லிகையோடும், ஆண்கள் ஈர வேட்டியும் விபூதியுமாகவும் ஏறுவார்கள், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் எல்லார் மேலும் ஒட்டுப்பால் வாடை கொஞ்சம் மிச்சமிருக்கும், அது பால்மரம் சீவுகிறவர்களை விட்டுப் போகவே போகாது. பழைய படகுகளுக்குத் தீவுகளின் பெயர்கள், பூலாவ் இன்னது, பூலாவ் இன்னது என்று, கீழ்த்தட்டில் வண்டிகளும் மேல்தட்டில் ஆட்களும், எங்கள் லோரி இரும்புத் தகட்டின் மேல் தடதடவென்று ஏறி நின்றதும் நாங்கள் குதித்து மாடிப்படியில் ஓடுவோம். விடியும் நேரம், தகரக் கூரைக்குக் கீழே வெளிச்சம் நான்கு பக்கமும் திறந்து கிடக்கும், கடல் பழைய பித்தளை நிறத்தில் இருக்கும்.

என் அப்பாயி மட்டும் ஓடமாட்டாள். துறையில் கச்சான் பூத்தே விற்பவரிடம் ஒரு காகிதக் கூம்பு கடலை வாங்கி, அதை முந்தானையில் முடிந்து, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து, இடப்பக்கம் போய் நிற்பாள். எவ்வளவு கூட்டமானாலும் இடப்பக்கம்தான், யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் உட்காரமாட்டாள், படகு நடுக்கடலுக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து, எங்களுக்குத் தருவதற்கு முன்னால், ஒரு பிடி கடலையை அள்ளித் தண்ணீரில் போடுவாள். மீனுக்குப் போடுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அப்புறம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்கடா, ஆளுக்குக் கொஞ்சம்" என்று கூம்பை நீட்டுவாள்.

அக்கரையில் இறங்கினால் எல்லாமே வேகம், லெபோ பாசாருக்கு எங்கள் ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள், அங்கே சாக்கு மிளகாய் நெடி, சாம்பிராணி, புதுச்சேலையின் கஞ்சி வாசனை, வெள்ளித்தேர் போன வழியெல்லாம் உடைத்த தேங்காய்கள், மத்தியான வெயிலில் அந்தத் தேங்காய்த்தண்ணீர் தாரில் காய்ந்து லேசாகப் புளித்துக் கிடக்கும், செருப்பில்லாத காலில் பிசுபிசுக்கும். தண்ணீர்மலை ஏறி இறங்கி, திரும்புகையில் சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறல் வாங்குவாள் அப்பாயி, அதை லயத்தில் தன் மரப்பெட்டிக்குள் வைத்து, மாதக்கணக்கில் ஆளுக்கொரு துண்டாகக் கிள்ளித் தருவாள், அந்தப் பெட்டியைத் திறந்தாலே பினாங்கு வந்துவிடும்.

1985-இல் பாலம் திறந்தார்கள், பதின்மூன்றரை கிலோமீட்டர், அப்பா கடன் வாங்கிய பழைய காரில் அவளை முன்னால் உட்கார வைத்து அழைத்துப் போனார், அவள் போகும்போது ஒன்றும் பேசவில்லை, அக்கரை நெருங்குகையில் இடப்பக்கம், வெகு பக்கத்தில், காடடர்ந்த ஒரு தீவைக் கண்டு ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்தாள். ஜெரஜாக். அன்றிரவுதான் ஒரே ஒரு தடவை சொன்னாள், நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஐந்து, கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அந்தத் தீவில் தடுத்து வைத்தார்கள், மருந்து கலந்த தண்ணீரில் குளிக்க விட்டார்கள், தம்பிக்குக் காய்ச்சல் கண்டு தனியே தூக்கிப் போனார்கள், மற்றவர்களை ஒரு வாரம் கழித்துப் பிறைக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் சேர்த்தார்கள். "அவன் கப்பல்ல யாரோ குடுத்த வறுத்த கடலைய அவ்வளவு ஆசையாத் தின்னான்" என்றாள், அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

1988 ஜூலை 31-இல் பட்டவொர்த் துறைமேடை கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்தார்கள், அதன்பிறகு அம்மா எங்களைப் படகுப் பக்கமே விடவில்லை, பாலம்தான் இருக்கிறதே என்றாள். அப்பாயி போய்ச் சேர்ந்தது அதற்கடுத்த வருஷம், எனக்கு வேலை, பிள்ளைகள், கார், பாலத்தின் மேல் எத்தனையோ தடவை அந்தத் தீவைக் கடந்திருக்கிறேன், எண்பதில் போகும் வண்டியிலிருந்து ஒரு தீவை எவ்வளவு நேரம் பார்த்துவிட முடியும். பழைய படகுகள் 2020 முடிவோடு ஓய்ந்தன என்று செய்தி படித்தபோதும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன், அது எனக்கு இன்றைக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுந்து இடப்பக்கம் போனேன். தைப்பூசத்துக்காக அவள் படகேறினாள் என்றுதான் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நினைத்திருந்தேன், முருகனுக்கு அவள் வேண்டுதல் எதுவும் வைத்ததை நான் பார்த்ததேயில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கணக்கு வாத்தியார் நண்பர் வந்து, "என்னங்கய்யா அங்க பாக்குறீங்க?" என்றார், காட்டினேன், அவரும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். துறையில் கச்சான் பூத்தேக்காரர் யாரையும் நான் பார்க்கவில்லை, கையில் ஒன்றும் இல்லை.

பட்டவொர்த்திலிருந்து போகிறவர்கள் இடப்பக்கம் நில்லுங்கள். தெற்கே பாலம் தெரியும், அதற்கு அப்பால் இருப்பது ஜெரஜாக்.