படகுக்கும் அடி முக்கியம்

அலுமினியப் பாத்திரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் புளிக்குழம்பை அதில் ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது, சலவைச் சோடா போட்டுத் தேய்த்தால் கறுத்துப் போகும், உப்புத் தண்ணீரை விட்டுவைத்தால் புள்ளி புள்ளியாய் அரித்துவிடும் என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதிதான். இந்த அடுப்படி அறிவு ஒரு படகைக் காப்பாற்றவும் உதவும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் அது உதவியது.

நான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவள். மேலே பெய்கிற மழை மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. கடைசிப் பகுதியில், ஏரல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோயிற்று. மேலே எங்கள் கூரையில் இரைந்த அதே மழை, கீழே தங்கை வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. இரண்டு சின்னப் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவள் பக்கத்து மாடியில் இருந்தாள். போன் கிடைக்கவில்லை. கடற்கரையிலிருந்து லாரியில் வந்த மீனவர்களின் படகுதான் அவர்களை இறக்கிக் கொண்டு வந்தது.

அதன் பிறகு அந்த ஊர்க்காரர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கினார்கள். நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், துருப் பிடிக்காது. ஆனால் அடிப்பாகம் பார்க்கச் சகிக்காது. பெயிண்ட் செதில் செதிலாய் உரிந்து, அங்கங்கே வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

2024-ல் தோட்ட வேலை நின்றதும் நாங்கள் கீழே இறங்கி, மணிமுத்தாறு பக்கம் குடிவந்திருந்தோம். எங்க வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். "அத்தானைக் கூட்டிக்கிட்டு வாயேன் யக்கா, ஐப்பசி மழைக்கு முன்னால படகைச் சரி பண்ணணும்" என்று தங்கை போன் பண்ணினாள். புரட்டாசியில் போய் ஒரு வாரம் தங்கினோம்.

முதல் வேலை, ஓட்டை பார்ப்பது. பானையில் ஓட்டை இருந்தால் என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்ப்போம். அதேதான். படகை இரண்டு பழைய டயர்மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே ஐந்தாறு குடம் தண்ணீர் ஊற்றினோம். நான் கீழே குனிந்து, சொட்டுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். மூன்று ரிவிட் ஆணிகள் தளர்ந்திருந்தன. ஒருவர் உள்ளே இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க, ஒருவர் வெளியே சுத்தியலால் தட்டி இறுக்கினார்கள்.

பிறகு படகைக் கவிழ்த்துச் சாதாரண சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவினோம். மாப்பிள்ளை கம்பி பிரஷ்ஷை எடுத்து வந்தார். எங்க வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். இரும்புக் கம்பியின் துணுக்குகள் அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டால், அவை துருப்பிடித்து அந்த இடம் குழி விழும். பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரும் நைலான் நாரும் போதும் என்றார். அதற்கு மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். வெள்ளைப் பொடி முழுவதும் போய் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கிற நல்ல பெயிண்டை விட்டுவிடலாம். அதன் ஓரத்தை மட்டும் மழுங்கத் தேய்த்தால் போதும்.

தண்ணீர் தொட்டு என்று சொன்னேனே, அதைத் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்குத்தான். படகுப் பெயிண்டுக்கு இல்லை. உலர்ந்த பெயிண்டைச் சுரண்டினால் தூசி பறந்து பாயிலும் தொட்டிலிலும் படியும். ஈயத்துக்குப் பயமில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஆகவே தங்கையின் பிள்ளைகளை வேலை முடிகிறவரை பாட்டியோடு அடுத்த தெருவுக்கு அனுப்பினோம். படகின் கீழே பழைய பாலிதீன் தாளை விரித்து, விழுந்த செதிலையெல்லாம் அதிலேயே சுருட்டிக் கட்டினோம். முற்றத்தைப் பெருக்கவில்லை, ஈரத் துணியால் துடைத்தோம். மூக்குக்கு மாஸ்க். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவைத்தோம். கை கால் கழுவாமல் யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. பெயிண்டர் வேலை பார்க்கிறவர்களின் வீட்டில் இது தினமும் இருக்க வேண்டிய பழக்கம்.

அடுத்தது, எந்தப் பெயிண்ட் என்ற கேள்வி. "மைனி, கடல்ல போற போட்டுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருக்காம், சும்மாவே தாரேங்காங்க" என்று மாப்பிள்ளை சந்தோஷமாக வந்தார். "வேண்டாம் தம்பி, அதுல செம்பு இருக்கும்" என்றார் எங்க வீட்டுக்காரர். கடலில் கிடக்கிற படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். மரத்துக்கு அது நல்லது. ஆனால் அலுமினியமும் செம்பும் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால், பேட்டரிபோல வேலை செய்து அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். தரையில் கிடந்து ஆபத்துக்கு மட்டும் இறங்குகிற படகுக்குப் பாசிப் பெயிண்டே அவசியமில்லை. இரும்பு கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் இதற்குச் சரிப்படாது, பிடிக்காமல் உரிந்துவிடும்.

ஏன் பிடிக்காது? நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டதும் கறுக்கிறதல்லவா? அதுபோல, தேய்த்த அலுமினியத்தின்மேல் உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிகிறது. அந்தத் தோல்தான் நம் பாத்திரத்தைக் காக்கிறது. புளியும் சோடாவும் கரைப்பது அதைத்தான். ஆனால் பெயிண்டுக்கு அந்த வழவழப்பில் பிடிமானம் கிடையாது. அதனால் தேய்த்து, துடைத்து, காய்ந்த அன்றைக்கே அலுமினியத்துக்கென்று விற்கிற எட்ச் பிரைமரை மெல்லிசாக அடித்துவிட வேண்டும். ஈயமும் குரோமேட்டும் இல்லாததாகக் கேட்டு வாங்குவது நல்லது. அதன்மேல் அதே கம்பெனி சொல்கிற எபாக்சி பிரைமர், பிறகு மேல் பெயிண்ட் இரண்டு கோட்டு. கம்பெனி மாறினால் ஒன்றோடொன்று சேராமல் போகலாம்.

ஈரம்தான் இதற்குப் பெரிய எதிரி. மாஞ்சோலை மூட்டத்தில் துணி காய வைத்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? பனி போன பிறகு காலை எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்து, வெயில் ஏறித் தகடு சுடுவதற்குள் நிறுத்தினோம். சுடுகிற தகட்டில் பெயிண்ட் பரவாமல் திரிந்து நிற்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் டப்பாவில் போட்டிருந்த நேரம் காய விட்டோம்.

படகுக்குள் செம்புப் பாத்திரமோ செம்புக் கம்பியோ போட்டுவைக்கக் கூடாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஈரத்தில் அது கிடக்கிற இடம் ஓட்டையாகும்.

2024 டிசம்பர் நடுவிலும் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. தங்கை ஊரில் தாழ்ந்த தெருக்களுக்குப் பாலும் மருந்தும் அந்தப் படகில்தான் போயின. ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் அதில்தான் கொண்டு வந்தார்களாம். "உள்ள ஒரு சொட்டுத் தண்ணி ஏறல யக்கா" என்றாள் போனில்.

தண்ணீர் வடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கீறல் விழுந்த இடத்தில் மறுபடி பிரைமர் தொட்டு, நிழலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு தரம் அடியைப் பார்த்துவிட்டால், ஐப்பசி பிறக்கும்போது பயமில்லாமல் இருக்கலாம்.