நாய்க்கென்று கேட்ட இறைச்சி

நாய் வளர்ப்பது எளிது. அதற்கு ஊனுணவு தேடுவதே அரிது. வட்டுக்கோட்டையிற் குடியிருந்து, ஆசிரியச் சம்பளத்தில் மூன்று நாய்களைப் பேணிவரும் நாம் இதனை அநுபவத்தால் அறிவோம். மூன்றும் ஊர்நாய்களே. தாய், பாடசாலை மதிலோரத்திற் கிடந்தது. மற்றவை அதன் குட்டிகள். இத்தகைய நாயின் நிறை ஏறத்தாழப் 15 கிலோ. பச்சை இறைச்சியே ஊட்டுவதாயின் உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு நாடோறும் வேண்டும் என்பர். மூன்றுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. மாதத்திற்கு 30 கிலோ. இக்கணக்கைச் சம்பளச் சிட்டையின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தோம், மேற்கொண்டு எழுதவில்லை.

நல்லகாலம், நாய் ஓநாயன்று. மாப்பொருளைச் செரிக்கும் மரபணு ஓநாயிலும் நாய்க்கு மிகுதி என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மனிதன் தானியம் விளைத்து உண்டான். மிச்சத்தைத் தின்ற விலங்கு அவனோடு மாறிவிட்டது. எம் பாட்டிமாருக்கு இவ்வாராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. பழஞ்சோறும் மீன்தலையும் கலந்து சிரட்டையிலிட்டு நாய்களை வாழவைத்தனர். ஆயினும் வெறுஞ்சோறு போதாது. சிறிதளவேனும் ஊன் வேண்டும்.

எம்மூரில் ஊனுக்குப் பஞ்சாங்கமும் உண்டு. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே கல்விச்சாலை நிறுவினர். அதே குடாநாட்டில் நாவலர் பெருமான் பாலபாடத்திற் புலாலுண்ணலைக் கண்டித்தெழுதினார். இரு மரபினதும் பிள்ளைகள் நாம். வெள்ளி சைவம், விரதநாள் சைவம், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளிற் சைவம். போயா நாளில் இறைச்சிக்கடை திறப்பதற்குச் சட்டமே இடந்தராது. இவ்வளவு ஆசாரத்தையும் நாயும் அநுட்டிக்க வேண்டியிருக்கின்றது. அதனிடம் எவரும் கேட்டதில்லை.

ஆகவே கழிவை நாடினோம். கோழிக்கடையில் தலை, கழுத்து, கால் என்பன முன்பு விலைப்பொருளல்ல. கடைக்காரர் வாளியிற் போட்டு வைப்பார். "நாய்க்கு" என்றால் பையில் அள்ளித் தருவார். மாட்டிறைச்சிக் கடையில் நுரையீரலும் அவ்வாறே மலிவு. அதைப் பச்சையாகப் போடுதல் ஆகாது என்பதை இங்கே சொல்லிவைக்கின்றோம். மாடு, ஆடுகளின் நுரையீரலிலும் ஈரலிலும் ஒருவகை நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கக்கூடும். தின்ற நாயின் குடலிற் புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளிப்பட்டு மனிதனையும் அடையும். நன்றாக அவித்தால் அபாயமில்லை. கோழி எலும்போ அவித்தாற் சிராய்போற் பிளந்து தொண்டையிற் குத்தும். ஆகவே கழுத்தை அவித்தபின் எலும்பைப் பிரித்தெடுத்தே போடுவோம்.

2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. இறைச்சியைக் குளிரூட்டி வைப்பது எங்ஙனம்? எரிவாயு இல்லை, விறகும் விலையேறியது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. சூடை மீனுங்கூட எட்டாப் பொருளாயிற்று. செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. முந்திய ஆண்டின் நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்; எம் சம்பளமோ நின்ற இடத்திலேயே நின்றது.

அந்நாட்களில் கோழிக்கடை வாளியின் முன்னே ஒரு வரிசை உண்டாயிற்று. எமக்கு முன்னே நின்ற பெண்மணி பையை நீட்டி, "நாய்க்குத்தான் தம்பி, கொஞ்சம் கழுத்துப் பாத்துப் போடும்" என்றார். கடைக்காரர் தலைகளை விலக்கிக் கழுத்துகளாகத் தெரிந்து போட்டார். அவர் திரும்பியபோது எம்மைக் கண்டு, "மாஸ்டரும் நாய்க்கோ?" என்று கேட்டுவிட்டு விரைந்து நடந்தார். அவருடைய மகள் எம் வகுப்பிற் படித்தவள். அவ்வீட்டுக்கு நாம் போயிருக்கின்றோம். அங்கே நாயில்லை.

கடைக்காரர் தாழ்ந்த குரலிற் சொன்னார்: "எல்லாரும் நாய்க்கெண்டுதான் சொல்லினம் மாஸ்டர். நானும் நாய்க்கெண்டுதான் குடுக்கிறன். ஆனா கழுவிப்போட்டுத்தான் குடுக்கிறன்."

பல்கலைக்கழகத்தில் இடக்கரடக்கலை இலக்கணமாகப் படித்தோம். சபையிற் சொல்லத் தகாததை மறைத்துக் கூறுதல் அது. பசியை அந்த வகையில் எந்த உரையாசிரியரும் சேர்க்கவில்லை. இந்நாட்டிற் பசி வெட்கத்துக்குரியதாய் இருப்பதேன் என்பதைச் சிந்தித்தல் தகும். அந்நியச் செலாவணியைக் கரைத்தவர்களுக்கு வெட்கமில்லை. பிள்ளையின் கறிச்சட்டிக்குக் கோழிக்கழுத்துக் கேட்கும் தாய்க்கு வெட்கம். எம்மூரில் அவ்வெட்கம் இருமடங்கு. இறைச்சி விற்பவனையே தாழ்வாகப் பார்க்கும் சாதி வழக்கம் இங்கே வேரோடியது. அவன் கடைக் கழிவை ஏற்றல் அதனினும் தாழ்வென்பர். அக்கடைக்காரரோ, எவருடைய மானமும் போகாமல் வாளிக்குள் இருந்ததைப் பங்கிட்டார்.

சிலர், "மனிதர் பட்டினி கிடக்க நாய் எதற்கு?" என்பர். இக்கேள்வியை எம்மை நோக்கிக் கேட்பது சுலபம். நாயைத் துரத்திவிட்டால் அது தெருநாயாகும். ஊசி போடப்படாத தெருநாய் பாடசாலைப் பிள்ளையையே கடிக்கும். விசர்நோயைத் தடுக்க நூற்றுக்கு 70 நாய்களுக்கேனும் ஊசி போடப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாயின் சோற்றைக் குறைப்பதால் அந்தப் பெண்மணியின் அடுப்பு எரிந்துவிடாது. எனினும், வாளியில் இருந்தது ஒரே அளவு. அதில் எம் பங்கு ஒருவரின் கறி. ஆகையால் அன்றுமுதல் வாளிப் பக்கம் போவதில்லை என்று தீர்மானித்தோம். நாய்கள் மூன்றும் மாதக்கணக்கிற் பருப்புச் சோறுண்டு இளைத்தன, சாகவில்லை.

வள்ளங்கள் மீண்டும் கடலுக்குப் போனபின், சங்கானைச் சந்தையில் மீன்வெட்டும் அம்மாவிடம் தலைகளும் செவுள்களும் வாங்கத் தொடங்கினோம். முதலில், "ஆருக்குச் சேர்?" என்று கேட்டார். நாய்க்கென்றோம். எம் முகத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, செவுள்களோடு நல்ல பாரைத்தலை ஒன்றையும் வைத்துக் கட்டித் தந்தார்.