ஒரு மாணவர் என்பது 525 மணி நேரம்

525 என்ற எண்ணோடு 12 வருடங்கள் குடித்தனம் நடத்தியவன் நான். 2007 முதல் 2019 வரை கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியின் பதிவேட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால் "அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன்" என்று முடித்துவிடுவேன். "அதற்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்று என் பெரியப்பா ஒருமுறை கேட்டார். அவர் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். "உள்ளேன் ஐயா" என்ற குரலை முப்பது வருடங்களுக்கு மேல் கேட்டவர். அவருக்குக்கூட இந்தக் கணக்கை என்னால் முழுதாக விளக்க முடிந்ததில்லை.

சமுதாயக் கல்லூரி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் தெளிவான சித்திரம் எதுவும் எழாது. நம் கலைக்கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகள், பாலிடெக்னிக், முதியோர் கல்வி மூன்றையும் ஒரே வளாகத்தில் கொண்டுவந்து, நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டால் ஏறக்குறைய அது கிடைக்கும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது லாரி ஓட்டுநர் உட்கார்ந்து இயற்கணிதம் படிப்பார். கலிஃபோர்னியாவில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. 1984 வரை அங்கே படிப்புக் கட்டணமே கிடையாது. அந்த ஆண்டு யூனிட்டுக்கு 5 டாலர் என்று தொடங்கியது, 2012 கோடையில் 46 டாலராயிற்று. அதையும் கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கல்லூரி நடப்பது மாணவர் தரும் பணத்தில் அல்ல. மாநிலமும் உள்ளூர்ச் சொத்து வரியும் தரும் பணத்தில். அந்தப் பணத்தில் ஒரு கல்லூரிக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கத் தலைகளை எண்ண வேண்டும்.

தலைகளை எண்ணுவதில்தான் சிக்கல். ஒருவர் வாரத்துக்கு ஒரு மாலை மட்டும் வருவார். இன்னொருவர் காலை எட்டு மணிக்கு வந்தால் இரவு நூலகம் மூடும்போதுதான் போவார். இருவரையும் ஒரே தலையாக எண்ண முடியாது. அதனால் மாணவர் என்ற உயிரை விட்டுவிட்டு, "முழுநேரத்துக்கு இணையான மாணவர்" என்ற கற்பனை உருவம் ஒன்றைப் படைத்திருக்கிறார்கள். அலுவலக மொழியில் எஃப்.டி.இ.எஸ். அந்த உருவத்தின் எடை 525 மணி நேரம். நாளைக்கு 3 மணி வீதம் 175 நாள். அல்லது வாரத்துக்கு 15 மணி வீதம் 35 வாரம்.

175 நாள் என்பதில் ஒரு பள்ளிக்கூட வாடை அடிப்பதைக் கவனிக்கலாம். காரணம் உண்டு. உயர்நிலைப் பள்ளிகள் மேற்படிப்பு வகுப்புகளும் நடத்தலாம் என்று 1907இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் செய்தது. 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதல் ஜூனியர் கல்லூரி உயர்நிலைப் பள்ளியை ஒட்டித்தான் பிறந்தது. பிள்ளை வளர்ந்து தனிக்குடித்தனம் போன பிறகும் தாய்வீட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிற்று.

மணி நேரம் என்றேன். அதுவும் கடிகார மணி அல்ல. 50 நிமிடம் ஒரு மணி. மிச்சம் 10 நிமிடம் இடைவேளை. இடைவேளை இல்லாமல் 85 நிமிடம் நடக்கும் வகுப்பை 50ஆல் வகுத்தால் 1.7 மணி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இந்த 1.7ஐப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்தேன். (இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுபவை. நான் சொல்வது நான் வேலை பார்த்த காலத்து நடைமுறை.)

பட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உரிய வழக்கமான செமஸ்டர் வகுப்புகளைக் கணக்கிடச் "சென்சஸ் நாள்" என்று ஒன்று உண்டு. செமஸ்டரில் ஐந்தில் ஒரு பங்கு கழியும் இடத்துக்கு மிக அருகிலுள்ள வாரத்தின் திங்கட்கிழமை. திங்கள் விடுமுறையானால் மறுநாள். அன்று பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்கள் கடைசிவரை வந்ததாகவே கணக்கு. வாரம் 3 மணி நேரம் நடக்கும் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 40 பேர். சென்சஸ் நாளில் 34 பேர். இறுதித் தேர்வு எழுதியவர்கள் 22 பேர். 34ஐ 3ஆல் பெருக்கி, அதைச் செமஸ்டரின் 17.5 வாரங்களால் பெருக்கி, 525ஆல் வகுத்தால் 3.4 வரும். கல்லூரிக்குக் கிடைப்பது 3.4 மாணவருக்கான பணம். முதல் நாளின் 40ஐப் போலவே கடைசி நாளின் 22க்கும் இந்தக் கணக்கில் வேலை இல்லை. அந்த ஒரு திங்கட்கிழமைதான் எல்லாம்.

அதனால் அதற்கு முந்தைய வாரம் எங்கள் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். வராத மாணவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி ஆசிரியர்களுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போகும். ஒருநாளும் தலைகாட்டாதவர், வருவதை நிறுத்திவிட்டவர் ஆகியோரை அந்த நாளுக்குள் களைய வேண்டும் என்பது சட்டம். தணிக்கையாளர் வந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆசிரியர்களில் இரண்டு சாதி உண்டு. பட்டியலைச் செதுக்கிச் செதுக்கி உண்மையான எண்ணுக்குக் கொண்டுவருபவர்கள் ஒரு சாதி. "பாவம், அடுத்த வாரம் வந்துவிடுவான்" என்று யாரையும் நீக்க மனம் வராதவர்கள் இன்னொன்று. இரண்டாம் சாதியினர் செய்வது இரக்கமா, தம் வகுப்பு ஆள் குறைந்து மூடப்படாமல் இருப்பதற்கான முன்னெச்சரிக்கையா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே சமயத்தில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் வளாகத்துக்குள் நடப்பது. வளாகத்துக்கு வெளியே, தேவாலயக் கூடங்களிலும் தொடக்கப் பள்ளிகளின் சிறிய நாற்காலிகளிலும் நடக்கும் வகுப்புகள் இருக்கின்றன. குடியேறியவர்களுக்கான ஆங்கிலம், குடியுரிமைத் தேர்வுப் பயிற்சி, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கான வகுப்பு. இவற்றுக்கு யூனிட் இல்லை, கட்டணமும் இல்லை. சென்சஸ் நாள் என்ற சலுகையும் இல்லை. வந்தவர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தாளில் எழுத வேண்டும். உட்கார்ந்திருந்த நேரம் மட்டுமே கணக்கு. இதற்குப் "பாசிட்டிவ் அட்டெண்டன்ஸ்" என்று பெயர். கழித்தலைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு முறைக்கு இப்படிப் பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருக்க வேண்டும்.

ஓர் ஆங்கில வகுப்பு வாரம் நான்கு இரவு, இரவுக்கு 3 மணி, 17 வாரம். மொத்தம் 204 மணி. பட்டியலில் 30 பேர், ஓர் இரவில் வருபவர்கள் சராசரியாக 16 பேர். கணக்குப் போட்டால் 6.2. இதே வகுப்பைப் பட்டியலை நம்பி எண்ணியிருந்தால் 11.7 வந்திருக்கும். போதாததற்கு, சாதாரண யூனிட் இல்லா வகுப்பின் ஓர் எஃப்.டி.இ.எஸ்.ஸுக்கு மாநிலம் தரும் தொகையும் குறைவு. 2006இல் வந்த ஒரு சட்டம் இவற்றில் வேலைவாய்ப்புக்கும் கல்லூரி ஆயத்தத்துக்கும் உரிய வகுப்புகளுக்குச் சற்றுக் கூடுதல் தொகை தந்தது. 2015இல்தான் அவை மற்ற வகுப்புகளுக்குச் சமமாயின. 2018இல் புதிய நிதிச் சூத்திரம் வந்து, யூனிட் வகுப்புகளுக்கு மூன்றாண்டுச் சராசரி எடுக்கலாம் என்றானது. ஒரு மோசமான வருடத்தை இரண்டு நல்ல வருடங்கள் தாங்கிக்கொள்ளும். யூனிட் இல்லாதவற்றுக்கு அந்தத் தாங்கலும் இல்லை.

மழை பெய்தால் பேருந்து தாமதமாகும். வகுப்பின் எண் குறையும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் குறையும். உணவகத்தில் கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தால் குறையும். வளாகத்தில் படிக்கும் இளைஞன் அக்டோபரில் அலுத்துப்போய்க் கடற்கரைக்குப் போனால் எதுவும் குறையாது. நியாயமாகச் சொல்வதானால், காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்குமான பணியிடைப் பயிற்சியையும் இதே பாசிட்டிவ் முறையில்தான் எண்ணினார்கள். ஏழைகளை வதைக்கவென்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் பயிற்சி பெறும் காவலருக்கு வகுப்புக்கு வருவதே சம்பள வேலை. அவர் ஏன் வராமலிருக்கப்போகிறார்?

2009 முதல் 2012 வரை மாநிலத்தின் கஜானா வறண்டிருந்தது. கல்லூரிகளுக்கான பணம் வெட்டப்பட்டது. வரம்பைத் தாண்டிச் சேர்க்கும் மாணவருக்குப் பணம் கிடையாது என்ற நிலையில் ஆளை வரவழைத்த கல்லூரிகளே ஆளைத் திருப்பி அனுப்பின. சில ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதும் மாணவர் தொகை லட்சக்கணக்கில் சரிந்தது. எந்த வகுப்பை மூடுவது என்று பேசும் கூட்டங்களுக்கு என் அட்டவணைகள் போகும். அட்டவணையில் 6.2க்கும் 11.7க்கும் இருந்த இடைவெளியை யாரும் விளக்கச் சொல்லவில்லை. தேவாலயக் கூடத்து வகுப்புகள் இரண்டு அந்த வருடங்களில் மூடப்பட்டன. அவற்றில் ஒன்றின் கடைசி நாள் தாளில், போன நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒருவரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எட்டரைக்குப் பிறகு கேக் வெட்டினார்கள் என்று ஆசிரியை பின்னர் சொன்னார்.

இந்தத் தாள்கள் என் மேசைக்கு வரும். அவற்றைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்புகளில் ஒன்று. மனிதர்களைப் பார்க்காமல் அவர்கள் எழுதிய எண்களை மட்டும் வருடக்கணக்கில் பார்த்தால் ஒருவித அந்தரங்கம் ஏற்பட்டுவிடுகிறது. வகுப்பு ஆறு மணிக்கு என்றால் பெரும்பாலோர் 6:00 என்று எழுதுவார்கள். ஒருவர் மட்டும் 6:42 என்றும் 6:38 என்றும் எழுதுவார். அவரை மிகவும் மதித்தேன். 7 என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு போடுபவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு. அதைக் கொண்டுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது.

ஒரே பெயர். தாளின் மேலே தேதியிலும், வந்த நேரத்திலும் ஒரு கை. போன நேரத்தில் இன்னொரு கை. மாதத்தின் 7ஆம் தேதித் தாளில் முதல் கையின் 7க்குக் கோடு உண்டு; 17ஆம் தேதித் தாளில் கையெழுத்தை இரண்டாவது ஆள் போட்டிருந்தார், அந்த 7க்குக் கோடு இல்லை. ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார். கணவனும் மனைவியும். வகுப்பின் முதல் பாதிக்குக் கணவர், இரண்டாம் பாதிக்கு மனைவி. ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம்தான் கிடைக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு ஒரு பெயரில் வந்திருக்கிறார்கள்.

தணிக்கையில் இது அகப்பட்டால் அந்த வகுப்பின் கணக்கே சந்தேகத்துக்கு ஆளாகும். சரிசெய்வது எளிது. மனைவிக்குத் தனியாக ஒரு விண்ணப்பம், கட்டணமில்லை, பத்து நிமிட வேலை. ஆனால் பதிவு செய்யாத ஒருவரின் நேரத்தைக் கணக்கில் சேர்க்க விதியில் இடமில்லை. அதுவரை நடந்த ஆறு வாரங்களின் தாள்களை எடுத்து, ஒவ்வோர் இரவிலும் இரண்டாம் பாதியைக் கழித்தோம். அவர் அங்கே உட்கார்ந்துதான் இருந்தார். ஆசிரியை கேள்வி கேட்டபோது பதில் சொல்லியிருக்கிறார். தேர்வில் கணவரைவிட அதிகம் வாங்கியவரும் அவர்தானாம்.

ஏழாம் வாரத்திலிருந்து தாளில் இரண்டு வரிகள். கணவர் 6:00 முதல் 7:20 வரை. மனைவி 7:35 முதல் 8:50 வரை. இந்த முறையின்மேல் எனக்கு இருந்த கசப்பு அந்த இரண்டு வரிகளைப் பார்த்தபோது சற்றுக் குழம்பிப்போனது. சென்சஸ் முறையாக இருந்தால் அவர்கள் இரண்டு முழு மாணவர்களாக ஆகியிருப்பார்கள், அல்லது அந்தத் திங்கட்கிழமை பட்டியலில் இல்லாமல் பூஜ்யமாகியிருப்பார்கள். பாதியைப் பாதி என்று எழுதத் தெரிந்தது இந்தக் கஞ்சக் கணக்குக்கு மட்டும்தான்.

7:20க்கும் 7:35க்கும் இடையே ஏன் பதினைந்து நிமிடம் என்று ஆசிரியையிடம் கேட்டேன். இருவரில் ஒருவர் எப்போதும் குழந்தையோடு வாகன நிறுத்தத்தில் இருப்பாராம். கணவர் வெளியே வந்ததும் காரின் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, அன்றைய முதல் பாதியில் நடந்த பாடத்தை மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பாராம். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் உள்ளே போவாராம். இரண்டாம் பாதியின் பாடம் வீட்டுக்குப் போகும் வழியில் இவருக்கு.

கல்லூரி ஊழியரான ஆசிரியரின் நேரடி மேற்பார்வையில் இருக்கும் நேரத்தைத்தான் வகுப்பு நேரமாக எண்ண முடியும். தாளில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் கட்டம் இல்லை.