காணா உறுப்பின் காவல்

ஊர்தியின் மேற்பூச்சு கண்ணைக் கவரும். ஆயினும், ஏறியவரின் உயிரைக் காப்பது அதன் அடிப்பாகமே ஆகும். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார் ஒன்றை என் மகன் பழையதாக வாங்கினான். திருத்தங்கலில் உள்ள பட்டறை ஒன்றில் அதனைச் செப்பனிட்டபோது யானும் உடனிருந்தேன்.

“வண்ணம் பிறகு பூசலாம், ஐயா, முதலில் அடியைப் பார்ப்போம்” என்றார் தொழிலாளர். அம்பாசடருக்கு முழுநீளத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடலும் தளமும் ஒன்றாய் இணைந்தே சுமையைத் தாங்குகின்றன. சேற்றில் தங்கிய ஈரமும் காற்றும் சேர்ந்து தளத்தின் இரும்பை அரிக்குமாயின், வண்டி முழுவதுமே வலுவிழக்கும்.

அவர் வண்டியைத் தாங்கிகளின்மேல் உறுதியாக நிறுத்தினார்; கம்பித் தூரிகையால் துருவை அகற்றினார்; சிறு சுத்தியால் தட்டி ஓசை கேட்டார். நல்ல தகடு கணீரென ஒலித்தது; துருவேறிய தகடு மந்தமாய் ஒலித்தது. மெலிந்த பகுதியை வெட்டியெடுத்து, புதிய தகட்டைப் பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சிட்டார். பின்னச்சைத் தாங்கும் எஃகு வில்பட்டைகளைக் கழற்றித் துலக்கினார். அவற்றுள் ஒன்று முறிந்திருந்தது. அந்நிலையில் விரைந்து சென்றால் வண்டி நிலைகுலையக்கூடும். அதனையும், தேய்ந்த ரப்பர் புஷ்களையும் அவர் மாற்றினார்.

பளபளப்பான வண்ணம் வாங்குவோரை ஏமாற்றலாம். சாலையை ஏமாற்ற இயலாது. அத்தொழிலாளர் செய்த பணி எதுவும் இன்று வெளியே தெரிவதில்லை. ஆயினும், அவ்வண்டியில் ஏறுவோர் அனைவரும் அப்பணியை நம்பியே பயணம் செய்கின்றனர்.