மார்கோ: கல் நிலத்தில் கனியும் வைன்

பிரான்ஸின் தென்மேற்கே உள்ள போர்டோ நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் மார்கோ என்னும் சிற்றூர் வரும். ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையிலே, மெடொக் பிரதேசத்தில் அது அமைந்துள்ளது. பார்த்தால் பயிருக்கு உதவாத கூழாங்கல் நிலம். ஆனால் மழைநீர் தேங்காத அந்த நிலமே ‘கபர்னே சோவின்யோன்’ எனும் கருந்திராட்சைக்கு உகந்ததாகும். அதன் தடித்த தோலிலிருந்து வைனுக்குத் துவர்ப்பு இறங்குகின்றது. கடுஞ்சாயத் தேநீர் நாக்கைப் பிடிப்பது போன்றது அது. நல்ல ஆண்டின் வைன் போத்தலில் 20, 30 ஆண்டுகள் கிடந்தே அத்துவர்ப்புத் தணிந்து கனிகின்றது.

விமர்சகர்களோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அறுவடைக்கு அடுத்த இளவேனிலிலேயே, பீப்பாவில் இருக்கும் வைனைச் சுவைத்துப் புள்ளி வழங்குகின்றனர். அமெரிக்கரான ரொபேர்ட் பார்க்கர் 1978இல் தொடங்கிய சஞ்சிகையில் 100க்கு இட்ட புள்ளிகள், நெடுங்காலம் போர்டோவின் விலைகளையே ஏற்றி இறக்கின.

இவ்வூரின் புகழ்பெற்ற தோட்டம் ‘சட்டோ மார்கோ’. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி போர்டோ தரகர்கள் வைன்களைத் தரம்பிரித்தனர். விற்பனை விலையே அவர்களது அளவுகோல். முதற்தரம் பெற்ற நான்கு தோட்டங்களுள் இதுவும் ஒன்று.

எனினும், 1960களிலும் 70களிலும் இதன் தரம் சரிந்தது. முதற்தரத்திற்கு இது தகுதியானதா என விமர்சகர்கள் கேட்டனர். பட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

1977இல் கிரேக்கத்தில் பிறந்த அந்திரே மென்ட்செலொபூலொஸ் தோட்டத்தை வாங்கினார். வடிகால்கள் சீராக்கப்பட்டன, புதிய கொடிகள் நடப்பட்டன. எமில் பெய்னோ என்ற நிபுணரின் ஆலோசனையும் கிடைத்தது. 1978ஆம் ஆண்டு வைனை விமர்சகர்கள் பாராட்டினர். ஆனால் 1980இல் அந்திரே காலமானார்.

பொறுப்பு அவரது மகள் கொரின் மீது விழுந்தது. அப்போது அவருக்கு வயது 27. நான்கு தசாப்தங்களுக்கு மேலாக அவர் அத்தோட்டத்தை நடத்தினார். சிறந்த பகுதி மட்டுமே முதல் வைனுக்குத் தெரிவுசெய்யப்பட்டது. எஞ்சியதில் ஒரு பகுதி ‘பவியோன் ரூஜ்’ என்ற இரண்டாம் வைனாகியது. முதல் வைனின் அளவைக் குறைத்தாவது தரத்தைக் காப்பது என்பதே இதன் பொருள். அவரது காலத்தில் உருவான 1990, 2000ஆம் ஆண்டு வைன்களுக்கு பார்க்கர் முழுமையாக 100 புள்ளிகள் வழங்கினார்.

மார்கோவின் கதையில் பட்டம் தோட்டத்தைக் காப்பாற்றவில்லை. வடிகால் வெட்டியவர்களும், குலை குலையாய்க் கையால் பறித்தவர்களும், விடாப்பிடியாக நின்ற ஒரு பெண்ணுமே இழந்த பெயரை மீட்டுக் கொடுத்தனர். 2000ஆம் ஆண்டு வைனுக்கு இப்போது கால் நூற்றாண்டாகின்றது. அன்று இட்ட புள்ளி சரிதானா என்பதை இனித்தான் போத்தல்கள் சொல்லும்.