சாங்கானேர் காகிதமும் ஒரு பொங்கல் வாழ்த்தும்

கையால வாழ்த்து அட்டை செய்யறேன்னு சொன்னா ஆபீசில் ரெண்டு விதமான பார்வை கிடைக்கும். ஒண்ணு, "பாவம், வேற வேலை இல்லை போல." இன்னொண்ணு, "ஒரு அட்டை எவ்வளவுக்கு விப்பீங்க?" ரெண்டுக்கும் என் பதில் ஒரே சிரிப்புதான் :-)

ஆனால் இருக்கிற ஊர் ஜெய்ப்பூர். இங்கே இருந்துகொண்டு காகிதத்தையும் அச்சையும் தொடாமல் இருப்பது, மதுரையில் இருந்துகொண்டு மல்லிகைப்பூ வாங்காமல் இருப்பது மாதிரி. ஜெய்ப்பூர் விமான நிலையம் இருப்பதே சாங்கானேர் பக்கம்தான். விமானத்தில் வந்து இறங்கி நேராக ஊருக்குள் போய்விடுபவர்களுக்கு, தாங்கள் இறங்கிய இடம்தான் கைக்காகிதத்துக்கும் மர அச்சுத் துணிக்கும் பேர் போன இடம் என்பது தெரியாமலே போய்விடும்.

சாங்கானேரில் காகிதம் செய்கிற குடும்பங்களுக்குக் காக்ஜி என்று பெயர். காகஜ் என்றால் காகிதம், அதிலிருந்து வந்தது. மரத்தை வெட்டிச் செய்கிற காகிதம் இல்லை இது. பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கிற பருத்தித் துணித் துண்டுகள்தான் மூலப்பொருள். துண்டுகளைத் தரம் பிரித்து, சின்னதாக நறுக்கி, தண்ணீரோடு சேர்த்து ஒரு பெரிய தொட்டியில் மணிக்கணக்காக அடிக்கிறார்கள். இட்லி மாவு மாதிரி கூழ் வந்ததும், சல்லடைச் சட்டத்தை உள்ளே விட்டு அலசித் தூக்கினால் மேலே ஒரு மெல்லிய படலம் நிற்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, பிரஸ்ஸில் வைத்துத் தண்ணீரைப் பிழிந்து, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி காயப்போடுகிறார்கள். கடைசியில் உருளைகளுக்கு நடுவே விட்டு வழவழப்பாக்குகிறார்கள். அவ்வளவுதான்.

முதல் தடவை போனபோது, துணி எங்கிருந்து வருதுன்னு அந்தப் பட்டறைக்காரரிடம் கேட்டேன். லூதியானா என்றார், டெல்லி என்றார், அப்புறம் சாதாரணமாக, "திருப்பூர்" என்றார். நம்ம ஊர்ப் பேரை அப்படி ஒரு மார்வாடி உச்சரிப்பில் கேட்டதும் ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்.

இன்னொரு நம்மூர்க்காரரும் அங்கே இருக்கிறார். காதி கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிற தேசியக் கைக்காகித நிறுவனம் சாங்கானேரில் இருக்கிறது. அதற்குக் குமரப்பாவின் பெயர். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாதான். 1934-ல் காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதை வார்தாவில் கட்டி நடத்தியவர். எண்ணெய்ச் செக்கு, தேனீ, நெல் குத்துவது என்று அவர்கள் கையில் எடுத்த கிராமத் தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ராஜஸ்தானத்து மண்ணில் ஒரு தஞ்சாவூர்ப் பெயரைப் பலகையில் பார்க்கும்போது, ஊர் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றும்.

சரி, அட்டைக்கு வருவோம்.

ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் 148-க்கு 210 மில்லிமீட்டர். அதை மடித்தால் 105-க்கு 148. இதுதான் அட்டை. 114-க்கு 162 அளவு உறையில் சரியாக உட்காரும். அடுக்கு வைக்கிறதுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஒவ்வொரு அடுக்கும் கீழே இருக்கிறதைவிட நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் குறைவு. அதாவது இரண்டாவது அடுக்கு 99-க்கு 142, மூன்றாவது 93-க்கு 136. இந்தச் சின்ன ஓரம்தான் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி காட்டும். ஒரு அடுக்கு அடர் நிறம் என்றால் அடுத்தது வெளிர் நிறம். இதைத் தாண்டி அலங்காரமே தேவையில்லை.

ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசையைக் கொட்டக்கூடாது. காகிதம் ஒரு பக்கம் மட்டும் ஊறிக்கொண்டு அப்பளம் மாதிரி வளையும். மெல்லிசாகத் தடவி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். இல்லையென்றால் இருபக்க டேப்.

ரப்பர் ஸ்டாம்ப் கடையில் செய்து வாங்கலாம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை அழிரப்பரே போதும். படத்தை எண்ணெய்த்தாளில் பென்சிலால் வரைந்து, அப்படியே ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் கோடு ரப்பருக்கு மாறிவிடும். கவிழ்க்கும்போதே இடவலம் மாறிவிடுவதால், தமிழ் எழுத்தை யாரும் கண்ணாடி பார்த்து எழுத வேண்டியதில்லை. அப்புறம் லினோ கட்டரால் கோட்டுக்கு வெளியே இருப்பதை வெட்டி எடுக்க வேண்டும். ஒரே ஒரு விதி: கத்தி கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும், உள்பக்கம் சரியக்கூடாது. மலைக்கு அடிவாரம் மாதிரி கோட்டுக்கு அடியில் அகலம் இருந்தால்தான் அழுத்தும்போது நிற்கும்.

இதில் சாங்கானேர் துணி அச்சுக்காரர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் ஒரு பூவை ஒரே கட்டையால் அச்சிடுவதில்லை. வெளிக்கோட்டுக்கு ஒரு கட்டை, அதற்கு ரேக் என்று பேர். உள்ளே நிறம் நிரப்ப ஒன்று, தத்தா. பின்னணிக்கு இன்னொன்று, கத். எல்லாம் தச்சர் மரத்தில் செதுக்கித் தருவது. அழிரப்பரிலும் அதையே செய்யலாம். கரும்புக்குக் கோடு ஒரு ஸ்டாம்ப், ஊதா நிறம் ஒரு ஸ்டாம்ப். ரெண்டும் இம்மி விலகினாலும் அதுவும் ஒரு அழகுதான். அச்சகத்தில் அடித்தது இல்லை, ஒரு ஆள் செய்தது என்று காட்டிவிடும்.

மை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மை தண்ணியாக இருக்கும். பருத்திக் காகிதத்தில் நார் வழியாக ஓடி, பானை படம் சிலந்திப் படமாகிவிடும். பிக்மென்ட் மை கெட்டியானது, மேலேயே நிற்கும். காய நேரமாகும், ஆனால் அதுவே ஒரு வசதி. ஈரமாக இருக்கும்போதே எம்பாசிங் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால் பொடி உருகிக் கோடு மேலே எழும்பி நிற்கும்.

இந்த 'எழும்பி நிற்கும்' என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

என் பெரியம்மா திருப்பூரில் இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். குவியலாகக் கொட்டிய பனியனில் எதில் ஓட்டை, எதில் தையல் விட்டிருக்கிறது என்று கண் பார்ப்பதற்குள் விரல் சொல்லிவிடும் அவருக்கு. இப்போது விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. சுவர் ஓரம் தெரியும், காலண்டர் தேதி தெரியாது. படிக்கிறது என்பது போயே போய்விட்டது.

வருஷா வருஷம் நான் அனுப்புகிற பொங்கல் அட்டையை அக்கம்பக்கத்துப் பெண் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். யாரோ வாசித்துக் காட்டுகிற கடிதத்தில் என்னத்தை எழுத முடியும்? நலம், நலமறிய ஆவல். அதைப் போனிலேயே சொல்லிவிடலாமே. ஒரு நாள் போனில், "நீ அனுப்பறது வந்துருச்சு கண்ணு, பீரோவுல வெச்சிருக்கறன்" என்றார். பார்க்க முடியாத ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது ரொம்ப நாள் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரெய்ல் புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். விரலுக்கு அவ்வளவு போதும். நான் பயன்படுத்துகிற 200 ஜிஎஸ்எம் கைக்காகிதத்தில் பத்துத் தாளை அடுக்கி அளந்தேன், 4 மில்லிமீட்டர் வந்தது. அப்படியென்றால் ரெண்டு தாள் சேர்த்து ஒட்டினால் 0.8. பிரெய்ல் புள்ளியைவிட உயரம்! ஃபோம் டேப் இதைவிடத் தூக்கிக் காட்டும்தான், ஆனால் தபால் பையில் நசுங்கிவிடும். காகிதத்தின்மேல் காகிதம் நசுங்காது.

கண்ணுக்குச் செய்கிற அட்டையும் விரலுக்குச் செய்கிற அட்டையும் ஒன்றில்லை. கண்ணுக்கு, பானைக்குப் பின்னால் கரும்பு சாய்ந்து நின்றால் அழகு. விரலுக்கு, ஒன்றன்மேல் ஒன்று போனால் குழப்பம். பானை தனி, கரும்பு தனி, நடுவே விரல் நுழைகிற இடைவெளி. தூரம், பக்கம், நிழல் எல்லாம் கண்ணின் ஏமாற்று வேலை. விரலுக்கு அது தெரியாது. கரும்புக்கு ஒவ்வொரு கணுவிலும் ஒரு சின்னப் பட்டை கூடுதலாக ஒட்டினேன். பானை கழுத்தில் மஞ்சள் கொத்துக்குப் பதில் நிஜ நூல் ஒரு சுற்று.

உள்ளே எழுத்து. பெரியம்மாவுக்குப் பிரெய்ல் தெரியாது, தமிழ் தெரியும். ஆனால் எழுத்து ரெண்டரை சென்டிமீட்டராவது உயரம் இருந்தால்தான் விரல் சுழியைப் பிடிக்கும். அந்த அளவில் ஒரு அட்டையில் ஒரு வார்த்தைதான் கொள்ளும். 'பொங்கல்' என்று வெட்டி ஒட்டினேன். புள்ளிகளுக்குத் தனியாக வெட்ட வேண்டியதில்லை. ஆபீசில் காகிதத்துக்கு ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷினில் விழுகிற வட்டம் கச்சிதமாக இருக்கும். எல்லாம் சேர்த்து எடை 14 கிராம் போல வந்தது. 20 கிராமுக்குள் சாதாரணத் தபாலிலேயே போய்விடும்.

ஜனவரி இரண்டாம் வாரம் போன் வந்தது.

"ஏங்கண்ணு, கரும்பா இது? கணு தெரியுது."

"ஆமாங் பெரியம்மா."

"உள்ள ஒரு கொம்பு, ஒரு ப, அப்புறம் காலு... பொங்கல்னு போட்டிருக்கற." அவர் குரலில் இருந்தது, ஸ்கூலில் முதல் தடவை போர்டைப் படித்த பிள்ளையின் குரல். "நானேதான் படிச்சன். ஆரும் சொல்லல."

காகிதத்தையும் கண்டுபிடித்துவிட்டார். "இது கட்டிங் வேஸ்ட்டுல பண்ணுனதாட்டம் இருக்குது" என்றார். செக்கிங் விரல் அது, ஏமாற்ற முடியுமா? திருப்பூர்த் துணி சாங்கானேர் வரைக்கும் வந்து, காகிதமாகித் திரும்பத் திருப்பூருக்கே போயிருக்கலாம் என்று சொன்னதும் ஒரே சிரிப்பு.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு வார்த்தை என்று ஆகிவிட்டது. போன தடவை 'மழை' அனுப்பினேன். ழவின் சுழியை ரெண்டு நாள் தடவிக்கொண்டிருந்தாராம். இந்தத் தடவை என்ன போடட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்க பெரியப்பா பேரு போட்டு அனுப்பு கண்ணு" என்றார்.

பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் பேரைப் பெரியம்மா வாயால் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்து வழக்கம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற எங்களைத்தான் சொல்லச் சொல்வார். கல்யாணப் பத்திரிகையிலும் வீட்டுப் பத்திரத்திலும் கண்ணால் பார்த்ததோடு சரி. இப்போது கண்ணாலும் பார்க்க முடியாது.

நாலு எழுத்து, அதில் ரெண்டுக்குப் புள்ளி. அட்டை அகலம் 148 மில்லிமீட்டர், தாராளமாகக் கொள்ளும். மேலே ஸ்டாம்ப் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன், பேர் மட்டும் போதும். புள்ளி ரெண்டும் குத்தி எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எழுத்து வெட்ட உட்கார வேண்டும்.